தண்ணீர்ப்பந்தலும் உழவாரமும்

திங்களூரிலே அப்பூதி அடிகள் நாயனார் தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசு சுவாமிகளின் திருப்பெயராலேயே தண்ணீர்ப்பந்தல் அமைத்து, வழிப்போக்கரின் தாகம் தணித்தார் என்பதைப் பெரியபுராணத்தால் அறிகின்றோம். அப்பந்தலுக்குப் பெயர் தந்த அப்பர் பெருமானோ கையில் உழவாரம் ஏந்தித் திருக்கோயில் வீதிகளைத் துப்புரவு செய்தவர். தண்ணீர் கொடுப்பதும் சூழலைத் துப்புரவாக வைத்திருப்பதும் ஒரே தொண்டின் இரு பக்கங்கள் என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

இன்று நம் திருவிழாக்களில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன. தாகசாந்தி நிலையத்தில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் அன்போடு வழங்கப்படுகின்றன. மறுநாட் காலை வீதியெங்கும் கோப்பைகள் சிதறிக் கிடக்கின்றன. இங்கே ஒரு வினா எழுகின்றது. தானம் எவ்விடத்தில் நிறைவு பெறுகின்றது? வாங்குபவர் கையிலா? அல்லது கொடுத்த பாத்திரத்துக்கு ஒரு வழி செய்த பின்னரா?

நமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கித் தங்கும் மழைநீரையே கிணற்றில் அள்ளுகின்றோம். வேலியும் மதிலும் நிலத்துக்கு மேலேதான். கீழே நம் கிணறும் அயலவர் கிணறும் ஒரே நீரைப் பங்கிடுகின்றன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பாக 2015ஆம் ஆண்டு தொடுக்கப்பட்ட வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பணத்தினால் நிலத்தடி நீரைத் தெளிய வைத்தல் இயலுமா?

பிளாஸ்ரிக் கோப்பை எண்ணெய் போன்றதன்று. எனினும் அது வாய்க்காலையும் கேணியையும் அடைக்கும், தேங்கிய நீரில் டெங்கு நுளம்பை வளர்க்கும், எரித்தால் நச்சுப்புகையாகும். 2017 செப்டெம்பர் 1 முதல் லஞ்ச்சீற்றும் றெஜிபோம் பெட்டியும் நாட்டில் தடை செய்யப்பட்டன. சமய விழாக்களில் பொலித்தீன் அலங்காரமும், திறந்த வெளியில் பிளாஸ்ரிக் எரித்தலும் அவ்வாறே தடையாயின. 2023 ஒக்ரோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் கோப்பை, தட்டு, கரண்டி, பிளாஸ்ரிக் மாலை என்பனவும் அப்பட்டியலிற் சேர்ந்தன. பாடசாலைகளிலே சுற்றாடல் முன்னோடிப் படையணியில் நம் பிள்ளைகள் இவற்றையெல்லாம் கற்கின்றனர். அதே பிள்ளை கோயில் வீதியில் மாறானதைக் கண்டால் எதனை நம்பும்? பாடசாலையிற் படித்தது பரீட்சைக்கு, கோயிலிற் கண்டதே தர்மம் என்றல்லவா எண்ணும்?

மறுத்துரைப்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. வாழையிலை விலை ஏறிவிட்டது. பேணி கழுவ ஆளில்லை. உபயகாரர் மனம் நோகும் என்பர். தாகத்தோடு வரும் அடியவர் கோப்பையை ஆராயார், ஆராய வேண்டியதுமில்லை. அவரைக் குறை கூறுவதும் முறையன்று. பாத்திரத்தைத் தெரிவு செய்பவர் கொடுப்பவரே. ஆதலால் பொறுப்பும் கொடுப்பவரையும், அதனை ஏற்கும் ஆலயத்தையுமே சாரும். நமக்கு வசதி என நாம் கொள்வது அயலவர் கிணற்றடியில் வைக்கும் சுமையாகிவிடலாகாது.

இதற்கு வழி நம் முன்னோரிடம் இருந்தது. செல்வச்சந்நிதியில் முருகப்பெருமானுக்கு இன்றும் 65 ஆலம் இலைகளில் அமுது படைக்கப்படுகின்றது. பனையோலைப் பிளாவிலே கூழ் குடித்தோம். வாய் படாது பலரும் குடிக்கத்தக்க மூக்குப்பேணி வீடுதோறும் இருந்தது. தோரணத்துக்குக் குருத்தோலையும் மாவிலையும் போதுமாயிருந்தன.

எனவே அடியேனின் விண்ணப்பம் இதுவே. சோறு கொடுப்பது மட்டுமன்றி, ஆலயத்துக்குப் பேணிகள் வாங்கித் தருவதும், வளவில் வாழை வைத்து இலை தருவதும், பந்தியின் பின் பேணி கழுவுவதும் உபயங்களாகவே கொள்ளப்படல் வேண்டும். விழா விஞ்ஞாபனத்தில் அன்னமளித்தவர் பெயரோடு கழுவியவர் பெயரும் இடம்பெறட்டும். பணமில்லாத அடியவரும் உபயகாரராகும் பேறு அதனாற் கிட்டும். உழவாரம் ஏந்திய பெருமானுக்கும் அது உவப்பாகவே இருக்கும்.

எல்லாம் வல்ல எம்பெருமான் அனைவருக்கும் திருவருள் பாலிப்பாராக.