ஆசைக்குத் தேவை சாட்சியா?

செயலி, நினைவகம், வரைகலை அட்டை ஆகியவற்றைத் தன்மேல் தாங்கி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து இயங்கவைக்கும் மின்சுற்றுப் பலகையே மதர்போர்டு எனப்படுகிறது. இரண்டு செயலிகளை ஏற்கும் மதர்போர்டு பெரும்பாலும் சர்வர்களுக்கும், முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்குவது போன்ற கனத்த பணிகளுக்கான ஒர்க்ஸ்டேஷன்களுக்கும் உரியதாகவே இருந்துவந்தது. அத்தகைய பலகை ஒன்றை 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் ஈவிஜிஏ நிறுவனம் காட்டியபோது, அதாவது பின்னர் எஸ்ஆர்-2 என்ற பெயரில் கடைக்கு வந்த பலகையைக் காட்டியபோது, அதை வாங்க வசதியோ வாங்கினால் அதற்குக் கொடுக்க வேலையோ இல்லாத ஆர்வலர்கள் பலரும் பரவசப்பட்டனர்.

இந்தப் பரவசத்தை வெறும் பொருளாசை என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. நினைவகத்துக்கு 12 இடங்கள், வரைகலை அட்டைகளுக்கு 7 நீண்ட இடங்கள் என்று விரிந்த அப்பலகையின் அளவு 345க்கு 381 மில்லிமீட்டர். வழக்கமான ஏடிஎக்ஸ் பலகையோ 305க்கு 244தான். எனவே சாதாரண கேபினட் எதிலும் அது அடங்காது என்பதைக் கண்டவர்கள், மனை வாங்குமுன்பே வாசல் எந்தத் திசை என்று வழக்காடும் குடும்பத்தைப் போல, எந்தப் பெட்டி, எத்தனை வாட் மின்வழங்கி என்று கணக்கிடத் தொடங்கினர். அந்தக் கணக்கில் கல்வியும் இருந்தது. கோர் ஐ7 செயலி அதே சாக்கெட்டில் பொருந்தினாலும், இன்னொரு செயலியோடு பேசுவதற்கான இணைப்பு அதில் இல்லை. அவ்விணைப்பு உள்ள ஜியான் 5500, 5600 வரிசைச் செயலிகளே இணையாக இயங்கும். அவற்றின் பெருக்கெண், அதாவது அடிப்படைத் துடிப்பை எத்தனை மடங்காக்கிச் செயலி இயங்க வேண்டும் என்பதற்கான எண், உயர்த்த முடியாதபடி பூட்டப்பட்டிருந்ததால், வேகத்தைக் கூட்ட விரும்புபவர் 133 மெகாஹெர்ட்ஸ் என்ற அத்துடிப்பையே உயர்த்த வேண்டியிருந்தது. இவையெல்லாம் ஆசைப்பட்டதால் மட்டுமே பலருக்குத் தெரியவந்தவை.

ஐயத்துக்குரியது ஆசையன்று, அதற்குக் கற்பிக்கப்படும் காரணமே. எதற்கு இது என்று கேட்டால், காணொளித் தொகுப்பு என்றோ மெய்நிகர்க் கணினிகள் என்றோ சொல்வது ஆர்வலர் வழக்கம். ஆனால் அக்காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான உட்கருக்களில் நான்கையே முழுதாகப் பயன்படுத்தவில்லை, இரண்டு செயலிகள் சேர்ந்து தரக்கூடிய பன்னிரண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புரதங்கள் மடியும் முறையைக் கணித்து ஆராய, பொதுமக்களின் கணினிகளை இரவலாகப் பெற்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்துக்கு இத்தகைய இரட்டைச் செயலிக் கணினிகளைத் தந்தவர்கள் உண்டு. அது நற்பணியே, ஆயினும் அங்கும் பல வேளை ஆசை முதலில் வந்தது, வேலை பின்னால் தேடிக் கண்டெடுக்கப்பட்டது.

அழகாயிருக்கிறது, அதனால் வேண்டும் என்று கூசாமல் சொன்னவர்களே அக்கூட்டத்தில் நேர்மையாளர்கள். ஆசையை ஆசை என்றே அறிந்தவருக்கு விலையைக் கூட்டிப் பார்க்கும் நிதானம் எஞ்சியிருக்கும். 2010இல் பலகை ஏறத்தாழ 600 டாலர், உச்ச வகையான எக்ஸ்5680 செயலி ஒன்று 1,663 டாலர் என்ற பட்டியல் விலையில் அத்தகைய இரண்டைச் சேர்த்தால், நினைவகம் வாங்குமுன்பே தொகை 3,900 டாலரைத் தாண்டிவிட்டது.