பள்ளிவாசலுக்குக் கொடுத்தால் லஞ்சம் ஆகாதா?

மங்களூர் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றவர் பள்ளிவாசல் தரைக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தாராம். ஜமாஅத்தார் கூடி, நம் வீட்டு ஓட்டு அத்தனையும் அவருக்கே என்று முடிவு செய்தார்களாம். ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பும் ஆயிற்று. "யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவில்லையே ஹஜ்ரத், அல்லாஹ்வின் வீட்டுக்குத்தானே கொடுத்தார்?" என்றார்.

கையில் ஐந்நூறு ரூபாய் வாங்குகிறவனுக்குத் தான் செய்வது தவறு என்று தெரியும். என்றைக்காவது வருந்துவான். பள்ளிக்கு வாங்கியவரோ நன்மை செய்ததாக எண்ணுகிறார். அவருக்குத் தவ்பாவின் நினைப்பே வராது. இதுதான் நம்மைக் கவலையில் ஆழ்த்துகிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க ஒருவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். அண்ணலார் மிம்பரில் ஏறி, இவர் தம் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. அதே உரைகல்லில் டைல்ஸையும் உரசிப் பார்ப்போம். தேர்தல் இல்லாத ஆண்டில் அவர் பள்ளிவாசல் படியேறி வந்திருப்பாரா? வந்திருக்க மாட்டார் என்றால் அது நன்கொடையல்ல, விலை. விற்றது நம் ஓட்டை. விலை போய்ச் சேர்ந்த இடம் புனிதமானது என்பதால் விற்பனை ஹலாலாகிவிடாது.

ஓட்டு என்பது மார்க்கத்தில் என்ன? ஒரு சாட்சியம், ஒரு பரிந்துரை என்று சென்ற நூற்றாண்டின் உலமாக்களில் பலர் விளக்கியிருக்கிறார்கள். இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சாட்சி சொல்கிறோம். தீய பரிந்துரை செய்தவனுக்கு அதன் விளைவில் பங்கு உண்டு என்று சூரா நிஸாவின் 85ஆம் வசனம் எச்சரிக்கிறது. அப்படியானால் ஜமாஅத்தின் பெயரால் நூறு வீட்டுக்குச் சேர்த்துப் பரிந்துரைப்பவர் எத்தனை பங்கு சுமக்கிறார்! இதைச் சொல்ல நமக்கு நாக்கு கூசுகிறது. ஏனெனில் நாமும் ஒரு முறை நிர்வாகிகள் நீட்டிய சீட்டை வாங்கி, அதிலிருந்த பெயரைத் தொழுகைக்குப் பின் படித்திருக்கிறோம். அந்த மனிதரை நாம் முன்பின் பார்த்தது கூட இல்லை.

2019 டிசம்பரில் நம் கடலூர் மாவட்டத்து நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்ச ரூபாய்க்கு ஏலம் போனதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கோயில் வேலைக்குத்தானே பணம் என்று இப்படிப்பட்ட ஏலங்களுக்கு ஊர்களில் சமாதானம் சொல்வதுண்டு. நம் டைல்ஸுக்கும் அதற்கும் தொகையில்தான் வேற்றுமை. போட்டவர் அதை எங்கிருந்து எடுப்பார்? தெருவிளக்கிலும் குடிநீர்க் குழாயிலும்தான். சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனை மட்டுமல்ல, அவன் உறவினரையும் குடவோலையில் சேர்க்காதே என்று விதித்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர்களுக்கு இருந்த எச்சரிக்கை!

"அப்படியானால் சிறுபான்மையான நாங்கள் எதையுமே கேட்கக் கூடாதா?" என்றார் சகோதரர். தாராளமாகக் கேளுங்கள். கபரஸ்தானுக்குப் பாதை, மழைநீர் வடிகால், தெருவுக்கு விளக்கு ஆகியவற்றை ஊராட்சிப் பணத்தில் செய்வது தலைவரின் கடமை. கடமையைச் செய்வாயா என்று கேட்பது லஞ்சமாகாது. ஆனால் காலனித் தெருவுக்குக் குழாய் இல்லாதிருக்க நம் தெருவுக்கு மட்டும் இரண்டாவது குழாய் கேட்டால் அது அநீதி. உறவினருக்கு எதிராகவேனும் நீதியில் நில்லுங்கள் என்ற கட்டளை (4:135) ஓட்டுச் சாவடிக்கு வெளியே நின்றுவிடுவதில்லை.

ஜமாஅத் கூடி வேட்பாளர்களின் குணம், நாணயம், திறமை ஆகியவற்றைப் பேசலாம். பேசவும் வேண்டும். அவர் நம்மவரா என்பது முதல் கேள்வியன்று. ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டியாக அமர்த்தப்பட்டவர் முஸ்லிமல்லர். பாதை அறிந்தவர், நம்பத்தக்கவர், அவ்வளவே. பேசிய பின் ஓட்டை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட வேண்டும். கட்டுப்பாடு விதிப்பதும், மீறினால் ஊர்விலக்கு என்று மிரட்டுவதும் சாட்சியின் வாயைப் பொத்துவதாகும். மிம்பரை இதற்கு இழுக்கவே கூடாது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது முறைகேடு என்பதை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விரிவாக்கித் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் மூவர் மாறுபட்டார்கள் என்றாலும், மிம்பரின் கண்ணியத்தைக் காக்க நமக்குத் தீர்ப்பு தேவையா என்ன?

குர்ஆன் மீது சத்தியம் வாங்கியிருந்தால்? சத்தியம் செய்த பின் அதைவிடச் சிறந்ததைக் கண்டால் சிறந்ததைச் செய்துவிட்டுக் கஃப்பாரா கொடுக்கும்படி ஹதீஸ் உள்ளது. பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுக்க வேண்டும். இயலாதவர் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும்.

போட்ட டைல்ஸைப் பெயர்க்க வேண்டுமா என்பது சகோதரரின் கடைசிக் கேள்வி. வேண்டாம். அதன் விலையைக் கணக்கிட்டு, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் மறுபடியும் கொண்டு போங்கள். அதற்கு ஜமாஅத்தார் சந்தா போடலாம். ஜகாத் பணத்தை மட்டும் தொடாதீர்கள். நமக்குத் தெரிந்தவரை அவர் ஊருக்குப் போய் முத்தவல்லியிடம் பேசியிருக்கிறார். முதல் சந்தாவாக நாம் அன்று சீட்டைப் படித்த பாவத்துக்காக ஒரு தொகை கொடுத்தனுப்பினோம்.