பொய்யாக வேண்டிய கணிப்பு

பெரும் விபத்தில் சிக்கியவரை முதல் சில மணி நேரத்தில் கொல்வது பெரும்பாலும் ரத்தப்போக்கு. அதைத் தாண்டியவருக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. அடி தொடையில்தான், ஆனால் சில நாட்களில் நுரையீரல் தளர்கிறது, பிறகு சிறுநீரகமோ கல்லீரலோ. காயத்துக்கு எதிராக உடல் முழுக்க எழும் அழற்சி, காயமே படாத உறுப்புகளையும் சுட்டுவிடுகிறது.

இந்தச் சரிவை அளக்க மருத்துவர்கள் கையாளும் எண்களில் ஒன்று சோஃபா. 1994-இல் பாரிசில் கூடிய தீவிர சிகிச்சை நிபுணர்கள் வகுத்தது, 1996-இல் வெளியானது. ஆறு உறுப்பு மண்டலங்களுக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 24. கூடக்கூட நிலைமை மோசம். இது நோயின் போக்கை விவரிப்பதற்குத்தான், முடிவைக் கணிப்பதற்கு அல்ல என்று வகுத்தவர்களே எழுதினார்கள். ஆனால் 2020-இல் கொரோனா வந்தபோது, யாருக்கு முதலில் வென்டிலேட்டர் என்று முடிவு செய்ய அமெரிக்காவின் சில மாநிலங்களின் நெருக்கடிகால விதிகளில் இந்த எண் இடம்பிடித்தது.

எண் மாறவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி மாறிவிட்டது.

தொடை எலும்பு முறிந்தவரின் ரத்தத்தில் லாக்டேட் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றே பெரிய அறுவை செய்தால் உறுப்புகள் தாங்காமல் போகலாம். அதனால் வெளியிலிருந்து கம்பி பொருத்தி எலும்பை நிறுத்திவிட்டு, உடல் தேறும்வரை காத்திருக்கிறார்கள். இங்கே கணிப்பு சொல்லப்படுவதே அது பொய்யாக வேண்டும் என்பதற்காக.

‘இதோடு போதுமா?’ என்று கேட்கும்போதோ கணிப்பு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும். எண் மோசம் என்று சிகிச்சையை நிறுத்துகிறோம், நோயாளி இறக்கிறார், எண் சரியாகச் சொன்னது என்று பதிவாகிறது. அடுத்தவருக்கான கணிப்பு அந்தப் பதிவிலிருந்தே பிறக்கிறது. நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

அப்படியானால் எண்ணே வேண்டாமா? அதுவும் சரியில்லை. எண் இல்லாத இடத்தில் மருத்துவரின் களைப்பும், யார் சிபாரிசில் வந்தவர் என்பதும் முடிவெடுக்கும். பயனில்லை என்று தெரிந்தும் உடலைக் குழாய்களில் கிடத்திவைப்பதும் கொடுமைதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐசியு வாசலில் நிற்கும் மனைவி, “டாக்டர், இவரு பொழைச்சுக்குவாரா?” என்று கேட்கிறார். அவர் கேட்பது ஒருவரைப் பற்றி. எண்ணுக்குத் தெரிந்ததோ இவரைப் போன்ற நூறு பேரைப் பற்றி. அந்த நூறில் இவர் எவர் என்று அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியை ஒரு மனிதர் தன் பொறுப்பில்தான் தாண்ட வேண்டும். “ஸ்கோர் அப்படிச் சொல்லுதும்மா” என்பது அந்தப் பொறுப்பைக் கைகழுவுவது. “எல்லாத்தையும் பார்த்துட்டு நாங்க இப்படி நினைக்கிறோம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று சொல்வது கடினம். ஆனால் அதற்குப் பிறகுதான் அவரால் எதிர்க்கேள்வி கேட்க முடியும். எண்ணோடு யாரும் வாதாட முடியாது.

இன்னொன்றும் செய்யலாம். சிகிச்சையை நிறுத்திய பின் நேர்ந்த மரணத்தை, சிகிச்சை தோற்று நேர்ந்த மரணத்தோடு சேர்க்காமல் தனியாகக் குறித்துவைக்கலாம். அடுத்து வரப்போகும் நோயாளிக்கு நாம் அந்த அளவுக்காவது கடன்பட்டிருக்கிறோம்.