மூடிய வாயும் ஊட்டும் கையும்

மறதி நோய் முற்றிய தாயார், வாய்ப்புண் இல்லையென்று டாக்டர் சொன்ன பிறகும், வாயை மூடிக்கொள்கிறார். ‘பட்டினி போட்ட பாவம் வேண்டாமே’ என்று நாம் தாடையைப் பிடித்துக் கஞ்சி ஊற்றுகிறோம். விழுங்கும் சக்தி குன்றியவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவாகலாம்.

2010-ல் விருதுநகர்ப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்த தலைக்கூத்தலை மதுரைக்காரர்கள் நாம் அறிவோம். எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் புகட்டி முதியவரை முடிக்கும் பாதகம் அது. ஊட்டாதிருப்பதும் அவ்வாறுதானோ என்ற நடுக்கம் நியாயமே. ஆனால் அங்கே நிய்யத்து கொல்வது; இங்கே, கேட்டால் கொடுக்கிறோம், மறுத்தால் நிறுத்துகிறோம். நோயாளியை உண்ணும்படி வற்புறுத்தலாகாது என்ற கருத்தில் திர்மிதீயில் ஹதீஸும் உண்டு.

மூக்குக் குழாயோ? இந்நிலையில் அது ஆயுளைக் கூட்டுவதாக மருத்துவம் காணவில்லை. பிடுங்காதிருக்கக் கையைக் கட்டவும் நேரும். நம்மை வளர்த்த கை அது. தலையை உயர்த்தி வைத்து, ஈரத் துணியால் உதட்டை நனைத்து வருவோம். பிள்ளைகளின் பெயரை மறந்தவர்கள் யாஸீன் ஓதும் குரல் கேட்டு அமைதியுறுவதைப் பார்த்திருக்கிறோம்.