“யார் கேட்பார்?”

ஊரிலே விடலைப் பருவத்தான் ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடந்தால், ஓடிவந்து விளக்கம் தருவோர் இருவகையினர். “எல்லாம் அவன் தலையெழுத்து!” என்பார் ஒருவர். “இவனுக்கு எதற்கு இத்தனை துடுக்கு?” என்பார் மற்றொருவர். முன்னவர் பழியை விதியின் தலையிலே போடுகிறார். பின்னவர் வெட்டுப்பட்டவன் தலையிலேயே போடுகிறார். இருவர் தீர்ப்பிலும் வெட்டியவனுக்கு விடுதலை!

நாம் கேட்பது வேறு. வகுப்பிலே நாற்பது மாணவர். நாற்பது பேரும் ஒரே வயதினர். அடி மட்டும் சிலரையே தேடிச் செல்வது ஏன்?

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்ததை நாடறியும். பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தாழ்த்தப்பட்ட மாணவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பிடிபட்டோரில் அவன் பயின்ற பள்ளியின் மாணவர்களே இருந்தனர்! தொல்லை தாளாமல் அவன் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தான். காரணத்தைப் பள்ளியிலே சொன்ன பிறகுதான் அரிவாள் வீடு தேடி வந்தது.

வலிமை குறைந்தவன் அடிபடுகிறான் என்பது அரை உண்மையே. மெலிந்த உடலைக் கண்டு மட்டும் கை ஓங்குவதில்லை. அவ்வுடலுக்குப் பின்னே எவருமில்லை என்று கண்டே ஓங்குகிறது. “அடித்தால் யார் கேட்பார்?” என்ற துணிவே முதல் ஆயுதம், அரிவாள் இரண்டாவது.

அந்தத் துணிவை ஊட்டியவர் யார்? ஆசிரியராகிய நாமும் அல்லவா! உதவித்தொகைப் படிவம் வந்ததும், “எஸ்.சி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்கிறோம். நாற்பது பேர் பார்க்க நால்வர் எழுகின்றனர். அதே வகுப்பிலே சாதி வண்ணக் கயிறுகள் கைகளில் மின்னுகின்றன, கண்டும் காணாதிருக்கிறோம். எழுந்து நின்றவன் தனியன். கயிறு கட்டியவன் கூட்டம். யாரை அடிக்கலாம் என்று பாடம் நடத்தியவர் நாமே!

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம், மாணவர் சாதியை வகுப்பறையில் வெளிப்படுத்தாமை முதலிய பரிந்துரைகள் அதில் உண்டு. நன்று! கயிற்றை அறுக்க ஆணை போதும். முறையிட வந்த மாணவனிடம், “நீ என்னடா செய்தாய்?” என்று கேட்கும் நம் நாவைத் திருத்த எந்தக் குழு வரும்?

தோழர்களே! தனித்து நடந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவன் ஒருவனேனும் உங்கள் ஊரில் இருப்பான். அவனோடு நாளும் நால்வர் நடப்பது ஊரார் கண்ணுக்குத் தெரியட்டும். “யார் கேட்பார்?” என்ற கேள்விக்கு, “நாங்கள் கேட்போம்!” என்ற விடை, அரிவாள் எழும் முன்னரே ஒலிக்கவேண்டும்.