டயர் கழுவிய தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கழுவுவது எங்கள் வீட்டில் அப்பாவின் வேலை. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கார் என்றால் அவர் கண் முதலில் போவது சக்கரத்துக்குத்தான். இரண்டு வாளி வைத்துக்கொள்வார். பச்சை வாளி உடம்புக்கு, சிவப்பு வாளி சக்கரத்துக்கு. சிவப்பு வாளித் துணி தவறிக்கூட கதவில் படக்கூடாது. "பிரேக் தூளு மணலு மாதிரிடா. அந்தத் துணியால கதவத் தொட்டா கோடு கோடா விழுந்துரும்." ஓடிவந்த சூட்டோடு ரிம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஆறவிட வேண்டும். ரிம்மின் இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ், டயருக்குக் கட்டை பிரஷ், சவர்க்காரம் கொஞ்சம். அவ்வளவுதான் அவருடைய தொழில்நுட்பம்.

நான் பொறியியல் படித்தவன். கிரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் நான்கு வருடம். படித்தவன் சும்மா இருப்பானா? இணையத்தில் ஒரு ரிம் கிளீனர் வாங்கினேன். தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் ரிம் முழுக்க ஊதா நிறமாக வழியும். மாயம் ஒன்றுமில்லை. பிரேக் தூளில் இருக்கும் இரும்போடு தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் சேர்வதால் வரும் நிறம். சலூனில் முடியைச் சுருட்டப் பயன்படுத்தும் மருந்தும் இதே குடும்பம்தான். நாற்றம் அழுகிய முட்டை மாதிரி. அப்பா இரண்டடி தள்ளி நின்று, "என்னடா, ரத்தம் மாதிரி ஓடுது" என்றார். ரிம் என்னவோ புதுசு போல ஆகிவிட்டது.

ஊதாத் தண்ணீர் போர்ச்சிலிருந்து லோங்காங்கில் இறங்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கால்வாய்க்குப் போனது. அங்கே கம்போங் பக்கத்துப் பையன் ஒருவன் தன் தாத்தாவோடு தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கால்வாயில் புயூ மீன் கிடைக்கும். தமிழில் பனையேறிக் கெண்டை என்பார்கள். பையன் என்னைப் பார்த்து மலாயில் கேட்டான்: "அபாங், அது என்ன கலர்?"

"சபூன்தான்" என்றேன்.

கையுறை போட்டுக்கொண்டு, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி புட்டியின் பின்னால் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் தெளித்திருந்தேன். என் கையில் அப்போது கையுறை இருந்தது.

பாரிட் என்றாலே மலாயில் கால்வாய்தான். ஊரின் பெயரே அதில்தான் தொடங்குகிறது. கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் முடிந்தது. புக்கிட் மேராவில் தேக்கிய தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்கு வந்து, வேறு கால்வாய்கள் வழியாக வடிந்து கடலுக்குப் போகிறது. எங்கள் குழாய்த் தண்ணீரும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அதாவது நாங்கள் குடிப்பது மேலே, கழுவி விடுவது கீழே. இந்த அமைப்பில் இருக்கும் வசதியை யோசித்துப் பாருங்கள். நம் அழுக்கு நம்மிடம் திரும்பி வருவதே இல்லை.

அந்தப் பொய் உறுத்தியதால் கொஞ்சம் படித்தேன். படித்ததில் இன்னொரு விஷயம் மாட்டியது. பழைய டயரின் பக்கவாட்டில் பழுப்பாக ஒன்று படியும், கவனித்திருப்பீர்கள். அதைச் சேறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பெரும்பங்கு டயருக்குள்ளிருந்தே வருவது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யாமலிருக்க 6பிபிடி என்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அது மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து, ரப்பருக்குப் பதிலாகத் தான் ஓசோனை வாங்கிக்கொள்கிறது. நாம் பிரஷ் போட்டுத் தேய்த்தெடுக்கும் 'அழுக்கு', டயரின் காவல்.

ஓசோனோடு சேர்ந்தபின் அது வேறொன்றாக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்ததும் நகரத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பே செத்து மிதந்தன. பல வருடம் காரணம் தெரியவில்லை. 2020 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, டயரிலிருந்து வந்த இந்த 6பிபிடி-குயினோன்தான் காரணம் என்று காட்டியது. எல்லா மீனுக்கும் அப்படியில்லை, அதே நீரில் சம் சால்மன் தாங்கிக்கொள்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது ஓடைக்குப் போவது பெரும்பாலும் சாலையில் டயர் தேய்வதால்தான், ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷால் அல்ல.

இங்கேதான் மனசு தப்பிக்கப் பார்க்கிறது. சாலையில் போவதோடு ஒப்பிட்டால் என் வாளி ஒன்றுமில்லை. வயலுக்கு அடிக்கும் மருந்தோடு ஒப்பிட்டால் சுத்தமாக ஒன்றுமில்லை. அந்தப் பையனின் தாத்தாவே மருந்து அடிப்பவராக இருக்கலாம். பாலாபிஷேகக் கதை எல்லோருக்கும் தெரியும். ஊரே பால் ஊற்றும்போது நான் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்ததால் அண்டா முழுக்கத் தண்ணீர். என் கதை இன்னும் மோசம். அண்டா ஏற்கெனவே தண்ணீர்தான், இதில் என் செம்பு எதற்குப் பால் என்று கேட்கிறேன்.

டெரக் பார்ஃபிட் 1984இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கணக்கைத்தான் தவறு என்கிறார். பாலைவனத்தில் தாகத்தில் கிடக்கும் பலருக்கு, அதே அளவு பேர் ஆளுக்கொரு குவளை தண்ணீரைப் பொது வண்டியில் ஊற்றுகிறார்கள். என் குவளையால் எந்த ஒருவனுடைய தாகமும் உணரும்படி குறைவதில்லை. அதனால் ஊற்றாமல் இருக்கலாமா? கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதும் இல்லவே இல்லை என்பதும் ஒன்றல்ல என்கிறார். படிக்கும்போது சரி என்றுதான் தோன்றியது. ஆனாலும் அவருடைய கணக்கில் என் விஷயம் முழுதாக அடங்கவில்லை. மீனுக்கு என்ன ஆனது என்பதைவிட, நான் ஏன் "சபூன்" என்றேன் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. ஒன்றுமில்லாததற்கு யாரும் பொய் சொல்வதில்லை.

பாட்டியை நினைத்துக்கொண்டேன். செலாமா பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவியவர். விடிவதற்கு முன்னால் பெரட்டு, அப்புறம் மங்கு மங்காகப் பால் எடுத்துக் கொண்டுபோய் ஊற்றுவது. சாகும்வரை விரல்களிலிருந்து அந்த வாடை போகவில்லை. அப்பா முதன்முதலில் கார் வாங்கியபோது எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்தவர் அவர்தான். டயரைத் தொட்டுப் பார்த்து, "வெள்ளையா எடுத்துக் குடுத்தோம், இப்படிக் கறுப்பாக்கி வச்சிருக்கானுங்க" என்றாராம். தேய்மானம் குறையக் கரித்தூள் சேர்க்கிறார்கள், 1910கள் முதல் டயர் கறுப்பானது அப்படித்தான் என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர் எடுத்த பால் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. நான் ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். வித்தியாசம் இவ்வளவுதான், இதைச் சின்ன வித்தியாசமாக என்னால் நினைக்க முடியவில்லை.

போன வாரம் அப்பாவிடம், இனி லோங்காங்கில் விட வேண்டாம், சக்கரம் கழுவும்போது காரைப் பின்னால் புல்தரையில் நிறுத்தலாம், மண் கொஞ்சமாவது வடிகட்டும் என்றேன். அந்தப் புட்டியையும் எடுக்கப்போவதில்லை என்றேன். அவர் கட்டை பிரஷ்ஷை உதறிக்கொண்டே இடத்தைப் பார்த்தார். புல்தரை ஓரத்தில் அவர் வைத்த ராஸ்தாலி குலை தள்ளி நின்றது.

"அங்கயா? வாழை நிக்குதேடா. அந்தத் தண்ணிய அதுக்கு ஊத்திட்டு, பழத்த யாரு சாப்பிடுறது?"

கேட்டுவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போர்ச்சுக்கும் போகாமல் புல்தரைக்கும் வராமல், "எங்கதான்டா ஊத்தச் சொல்ற?" என்றார்.