களையும் கிழங்கும்



கிழக்கேகோட்டைக்கு அருகில் வாழும் உபாசகர் ஒருவர், தம் வீட்டு முற்றத்து அலங்காரப் புல்தரையை நீக்கிக் காய்கறி பயிரிட விரும்பினார். மண்வெட்டியால் ஒரே நாளிற் செதுக்கி எறிந்தார். இடவப்பாதி மழை பெய்ததும், புல்லிருந்த இடமெங்கும் கோரை எழுந்தது. தலைவிதி என்று நொந்தார். தலைவிதியன்று, காரணம் மண்ணுக்குள் இருந்தது.

கோரையின் உயிர் இலையிலன்று, கிழங்கிலே உள்ளது. கிழங்கோடு கிழங்கு சங்கிலிபோற் பிணைந்திருக்கும். சங்கிலியை மண்வெட்டி துண்டித்தால், உறங்கிய கிழங்குகள் யாவும் விழித்துத் தனித்தனிச் செடியாகும். தம்மபதத்தில் வேட்கையைக் கூறும் அதிகாரத்திலே புல்லை வேரோடு அகழும் உவமை வருவதும் இதுபற்றியே.

ததாகதர் நன்முயற்சியை நான்காக வகுத்தருளினார். தோன்றாத தீமையைத் தடுத்தல்: கிழங்கு கலந்த மண்ணையும் எருவையும் முற்றத்திற் சேர்க்காமை. தோன்றிய தீமையை நீக்கல்: மண்ணைக் கிளறிக் கிழங்குகளைக் கையாற் பொறுக்கி வெயிலில் உலர்த்தல். தோன்றாத நன்மையைத் தோற்றுவித்தல்: வெறுந்தரை விடாது தட்டைப்பயற்றை நெருக்கி விதைத்தல், நிழலிற் கோரை நலியும். தோன்றிய நன்மையைப் பேணல்: மழைதோறும் சுற்றிப் பார்த்து, இளந்தளிர் புதுக்கிழங்கு கட்டுமுன் பிடுங்கல்.

அன்பர்காள்! நாமும் திரிசரணம் புகுந்தோம். பழஞ்சடங்குகளைச் செதுக்கி எறிந்தோம். எனினும் திருமணப் பேச்சு வந்தவுடன், "அவர்கள் எந்தப் பிரிவு?" என்று மெல்லக் கேட்கிறோமே, அதுவன்றோ மண்ணுள் உறங்கும் கிழங்கு! என் மகனுக்குப் பெண் தேடிய நாளில் என் நாவிலும் அக்கேள்வி எழுந்தது. பெண்ணின் தந்தையார், அவரும் பௌத்தரே, மறுமொழி கூறாமல் எழுந்து சென்றார். தம்மம் போதித்த வாய் அன்று நாணிற்று.

நம் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்காவிடின் வயல்களிற் களையே விளையும் என்று நிலவுடைமையாளரை எச்சரித்தவர் இத்திருவனந்தபுரத்து மண்ணிற் பிறந்த அய்யன்காளி. பிறர் வயலிற் களை பறித்துக் களையின் வலிமையை அறிந்த மக்கள், தம் நெஞ்சிற் களையை வளர்க்கலாமோ?

வரும் பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஏற்குமுன், ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கிளறி ஒரு கிழங்கையேனும் வெளியே எடுப்போமாக. எடுத்த இடத்தை வெறுமையாய் விடாது மைத்திரியை விதைப்போமாக. மறுமழைக்குப் பின் மீண்டும் பார்ப்போமாக.

சர்வ சீவர்களும் நலமுறுக!